பாட்டுப் பெட்டி எத்தனை மணி நேரம் பாடும்?

மைசூரில் வீட்டில் இருந்தபடியே ஊதுபத்தி உருட்டும் பெண்கள் பலர் உண்டு. முன்னால் ஒரு தாழ்வான பலகை. பக்கத்தில் மூங்கில் குச்சிக் கட்டு. கரித்தூளும் ஜிகட்டுப் பொடியும் சேர்த்துப் பிசைந்த கறுப்பு மாவு. ஒரு குச்சியை எடுக்க வேண்டும். மாவை வைத்து உருட்ட வேண்டும். ஓரமாக அடுக்க வேண்டும். ஆயிரம் குச்சிக்கு இவ்வளவு என்று கூலி.

இந்த வேலையில் கண் குச்சியில் இருக்கும். கை மாவில் இருக்கும். காது மட்டும் சும்மா இருக்கும். டி.வி. பார்த்தால் கை நின்றுவிடும். கை நின்றால் கூலி நின்றுவிடும். பாட்டு கேட்டால் கை நிற்காது. நாற்று நடும்போதும் ஏற்றம் இறைக்கும்போதும் நம் முன்னோர் பாடியது இதனால்தான்.

கைபேசியில் பாட்டு கேட்கலாமே என்று நீங்கள் கேட்கலாம். கேட்கலாம். ஆனால் மாவு ஒட்டிய கையால் அதைத் தொட முடியாது. மதியத்துக்குள் பாட்டரி இறங்கிவிடும். பள்ளிக்கூடத்தில் இருந்து பிள்ளையைப் பற்றி அவசரமாகக் கூப்பிட்டால் போன் செத்துக் கிடக்கும். ஆகவே பாட்டுக்கு என்று தனியாக ஒரு சின்னப் பெட்டி இருந்தால் நல்லது.

ஒரு தெருவில் ஆறு பெண்கள் சேர்ந்து உட்கார்ந்து ஊதுபத்தி உருட்டுகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். ஆளுக்கு 250 ரூபாய் போட்டார்கள். 1500 ரூபாய் சேர்ந்தது. அந்தப் பணத்தில் எந்தப் பெட்டியை வாங்குவது? காலை 9 மணிக்கு வேலை தொடங்குகிறது. மாலை 5 மணிக்கு முடிகிறது. நடுவில் மின்வெட்டும் வரலாம். எட்டு மணி நேரமும் பெட்டி பாட வேண்டும். அது இரண்டு வருடமாவது உழைக்க வேண்டும். இதுதான் அவர்கள் முன்னால் இருக்கும் கணக்கு. அந்தக் கணக்கை நாமும் போட்டுப் பார்ப்போம்.

கையில் எடுத்துப் போகும் பாட்டு

வானொலிக்கும் மைசூருக்கும் பழைய உறவு உண்டு. எம்.வி. கோபாலசுவாமி என்பவர் மைசூர் மகாராஜா கல்லூரியில் உளவியல் பேராசிரியராக இருந்தார். 1935-ஆம் ஆண்டு செப்டம்பர் 10-ஆம் தேதி அவர் தம் வீட்டிலேயே ஒரு வானொலி நிலையத்தைத் தொடங்கினார். அந்த நிலையத்துக்கு ‘ஆகாசவாணி’ என்று பெயர். அதே பெயரைப் பின்னாளில் இந்திய அரசின் வானொலியும் எடுத்துக்கொண்டது. தமிழில் நாம் வானொலி என்றே சொல்கிறோம். மைசூர் வானொலியை இப்போது எஃப்.எம். 100.6-இல் கேட்கலாம்.

அந்தக் காலத்து ரேடியோ ஒரு பெரிய மரப் பெட்டி. உள்ளே கண்ணாடி வால்வுகள் இருக்கும். வால்வு சூடானால்தான் ரேடியோ பேசும். சூடாக நிறைய மின்சாரம் வேண்டும். எனவே ரேடியோ சுவர் ஓரமாகவே உட்கார்ந்திருந்தது.

1947-இல் அமெரிக்காவில் பெல் ஆய்வுக்கூடத்தில் டிரான்சிஸ்டரைக் கண்டுபிடித்தார்கள். இது நெல்மணி போலச் சிறியது. சூடாகத் தேவையில்லை. 1954-இல் டிரான்சிஸ்டர் வைத்த சிறு ரேடியோ அங்கே விற்பனைக்கு வந்தது. பிறகு நம் ஊர்களுக்கும் வந்தது. மாடு மேய்ப்பவர் தோளிலும் தொங்கியது. நம் மக்கள் அந்தப் பெட்டிக்கே ‘டிரான்சிஸ்டர்’ என்று பெயர் வைத்துவிட்டார்கள்.

1979-இல் ஜப்பானில் சோனி கம்பெனி ‘வாக்மேன்’ என்ற சிறு கேசட் பெட்டியை விற்கத் தொடங்கியது. இரண்டு பென்சில் செல் போட்டால் அது பாடும். ஆனால் கேசட்டைச் சுற்ற ஒரு மோட்டார் வேண்டும். மோட்டார் செல்லைச் சீக்கிரம் குடித்துவிடும். இப்போது மெமரி கார்டில் பாட்டு இருக்கிறது. அதில் சுற்றுகிற பொருள் எதுவும் இல்லை. இன்றைய பெட்டியில் பாட்டரியைக் குடிப்பவை முக்கியமாக மூன்று. அவை ஸ்பீக்கர், விளக்கு, புளூடூத். மூன்றிலும் ஸ்பீக்கர்தான் பெரிய குடிகாரன்.

குடமும் குழாயும்

பாட்டரி ஒரு குடம் என்று நினைத்துக்கொள்ளுங்கள். குடத்தில் தண்ணீர் இருப்பது போல பாட்டரியில் மின்சாரம் இருக்கிறது. குடத்தின் அடியில் ஒரு குழாய் இருக்கிறது. அதைத் திறந்தால் தண்ணீர் ஓடும். சிறிது திறந்தால் நெடுநேரம் ஓடும். முழுதும் திறந்தால் சீக்கிரம் தீரும்.

குடம் எவ்வளவு பெரியது என்பதைப் பாட்டரியின் மேலேயே அச்சடித்திருப்பார்கள். ஒரு எண் இருக்கும். அதன் பக்கத்தில் எம், ஏ, எச் என்று மூன்று ஆங்கில எழுத்துகள் இருக்கும். மில்லி ஆம்பியர் மணி என்பதன் சுருக்கம் அது. பெட்டி ஒரு நேரத்தில் எவ்வளவு மின்சாரம் இழுக்கிறது என்பதை மில்லி ஆம்பியர் என்ற அளவால் சொல்வார்கள். அதுதான் குழாய்.

கணக்கு எளிது. குடத்தின் அளவைக் குழாயின் அளவால் வகுக்க வேண்டும். விடை மணியாக வரும்.

பாட்டரி 1000 மில்லி ஆம்பியர் மணி. பெட்டி இழுப்பது 100 மில்லி ஆம்பியர். 1000-ஐ 100-ஆல் வகுத்தால் 10. பெட்டி பத்து மணி நேரம் பாடும்.

அதே பெட்டியைச் சத்தமாக வைத்தால் 200 இழுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 1000-ஐ 200-ஆல் வகுத்தால் 5. ஐந்து மணி நேரத்தில் அடங்கிவிடும்.

சத்தத்தைப் பற்றி ஒரு விஷயம் சொல்ல வேண்டும். இது பலருக்குத் தெரியாது. நம் காதுக்கு இரண்டு மடங்கு சத்தமாகக் கேட்க வேண்டுமானால் ஸ்பீக்கருக்கு இரண்டு மடங்கு சக்தி போதாது. ஏறக்குறைய பத்து மடங்கு சக்தி தர வேண்டும். அதனால் சத்தத்தைக் கூட்டுவதைவிடப் பெட்டியை அருகில் நகர்த்துவது மேல். ஆறு பேரும் சுற்றி உட்காருங்கள். பெட்டியை நடுவில் ஒரு முக்காலியின் மேல் வையுங்கள். பாட்டரியும் மிஞ்சும். பக்கத்து வீட்டுக்காரரின் கோபமும் மிஞ்சாது.

இன்னொன்று. செல்லின் மேல் வோல்ட் என்றும் ஓர் எண் இருக்கும். பென்சில் செல் 1.5 வோல்ட். ரேடியோவில் இரண்டு செல்லை ஒன்றின் பின் ஒன்றாகப் போடுகிறோம். அப்போது 3 வோல்ட் ஆகிறது. அதாவது குடம் உயரத்துக்குப் போகிறது. தண்ணீர் வேகமாக வருகிறது. ஆனால் குடம் பெரிதாவதில்லை. இரண்டு செல் போட்டதால் மில்லி ஆம்பியர் மணியை இரண்டால் பெருக்கக் கூடாது. கடைக்காரர்கள் சிலரே இதில் தவறு செய்கிறார்கள்.

கடையில் மூன்று பெட்டிகள்

நம் ஆறு பேரில் மூத்தவரும் அவருடைய தங்கை மகனும் சயாஜி ராவ் சாலைப் பக்கம் ஒரு கடைக்குப் போகிறார்கள். பையன் ஐ.டி.ஐ.யில் எலெக்ட்ரீஷியன் படிப்பு படித்தவன். கடைக்காரர் மூன்று பெட்டிகளை எடுத்து வைக்கிறார். விலைகள் நம் கணக்குக்காகச் சொல்பவை. உங்கள் ஊர்க் கடையில் வேறாக இருக்கலாம்.

முதல் பெட்டி ஒரு சிறு ரேடியோ. இரண்டு பென்சில் செல் போட வேண்டும். விலை 600 ரூபாய்.

இரண்டாவது பெட்டி பெரிய ஸ்பீக்கர். மெமரி கார்டு போடலாம். பாட்டுக்கு ஏற்பச் சிவப்பும் நீலமுமாக விளக்கு எரிகிறது. பாட்டரி உள்ளேயே பூட்டி இருக்கிறது. விலை 1100 ரூபாய். அட்டையில் 8 மணி நேரம் என்று போட்டிருக்கிறது.

மூன்றாவது பெட்டி பார்க்கச் சாதாரணம். ரேடியோவும் உண்டு. மெமரி கார்டும் போடலாம். பின்பக்கம் ஒரு மூடி. அதைத் திறந்தால் பழைய பட்டன் போனில் இருந்தது போன்ற தட்டை பாட்டரி. விலை 1150 ரூபாய். அட்டையில் 6 மணி நேரம்தான்.

கடைக்காரர் இரண்டாவது பெட்டியைத் தட்டிக் காட்டி, “எண்ட்டு கண்டெ பருத்தெ” என்கிறார். எட்டு மணி நேரம் வரும் என்று கன்னடத்தில் அதற்குப் பொருள்.

“எட்டு மணி என்று எழுதியே இருக்கிறதே. இதையே வாங்கிவிடலாமா, தம்பி?”

“பெரியம்மா, அந்த வரிக்குக் கீழே சின்ன எழுத்தில் என்ன இருக்கிறது என்று பாருங்கள்.”

“கண்ணாடியைக் கொடு... ஏதோ நட்சத்திரம் போட்டிருக்கிறது.”

“பாதி சத்தத்தில், விளக்கை அணைத்து வைத்தால் எட்டு மணி என்று எழுதியிருக்கிறார்கள். பாட்டரி 1200. எட்டு மணி என்றால் மணிக்கு 150 இழுக்கிறது. நீங்கள் ஆறு பேர். குச்சிக் கட்டு தட்டுகிற சத்தம் வேறு. முழுச் சத்தம் வைத்தால், விளக்கும் எரிந்தால், 300 இழுக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள். எத்தனை மணி வரும்?”

“ஆயிரத்து இருநூறில் முந்நூறு நான்கு தடவை. நான்கு மணி. மதியச் சாப்பாட்டோடு சரி.”

“அந்த மூன்றாவது பெட்டி?”

“அதில் ஆறுதானே போட்டிருக்கிறான்.”

“ஆறுதான். ஆனால் மூடியைத் திறந்து பாட்டரியை மாற்றலாம். இன்னொரு பாட்டரி 150 ரூபாய். ஒன்று பாடும்போது மற்றொன்று சார்ஜ் ஏற்றி முழுதாக இருக்கும். ஆறும் ஆறும் பன்னிரண்டு. இரண்டு பாட்டரியோடு 1300 ரூபாய். மிச்சம் 200 ரூபாய்க்கு மெமரி கார்டு வாங்கலாம்.”

“ரேடியோ இருக்கட்டும். விலை குறைவாக இருக்கிறதே, அதை ஏன் வேண்டாம் என்கிறாய்?”

பெரியம்மாவின் கேள்வி நியாயமான கேள்வி. 600 ரூபாய்க்கும் 1300 ரூபாய்க்கும் உள்ள வித்தியாசம் கூலி வாங்குபவருக்குச் சின்னத் தொகை அல்ல. இதற்கு விடை கடையில் இல்லை. மாதாமாதம் ஆகும் செலவில் இருக்கிறது.

ஒரு மணிப் பாட்டுக்கு எவ்வளவு?

நாளுக்கு 8 மணி நேரம். மாதத்துக்கு 25 நாள் வேலை. மொத்தம் 200 மணி நேரம். வருடத்துக்கு 2400 மணி. இரண்டு வருடத்துக்கு 4800 மணி.

முதலில் ரேடியோ. அது 40 மில்லி ஆம்பியர் இழுக்கிறது என்று கொள்வோம். விலை குறைந்த சாதாரண பென்சில் செல்லில் 800 மில்லி ஆம்பியர் மணி கிடைத்தால் 20 மணி நேரம் பாடும். மாதம் 200 மணிக்குப் பத்து ஜோடி செல் வேண்டும். ஜோடி 30 ரூபாய் என்றால் மாதம் 300 ரூபாய். வருடம் 3600 ரூபாய். இரண்டு வருடத்தில் செல்லுக்கு மட்டும் 7200 ரூபாய். பெட்டியின் விலையையும் சேர்த்தால் 7800 ரூபாய். ஒரு மணிப் பாட்டுக்கு ஏறக்குறைய 1 ரூபாய் 63 காசு. 600 ரூபாய்ப் பெட்டி பன்னிரண்டு பெட்டி விலையைச் சத்தமில்லாமல் தின்றுவிடுகிறது.

இரண்டாவது, விளக்குப் பெட்டி. இதற்குச் செல் வாங்க வேண்டாம். ஆனால் உள்ளே இருக்கும் லித்தியம் பாட்டரிக்கு ஆயுள் உண்டு. 300 முதல் 500 தடவை முழுதாக ஏற்றி இறக்கினால் குடத்தின் கொள்ளளவு ஐந்தில் ஒரு பங்கு குறைந்துவிடும். மேலும் குறைந்துகொண்டே போகும். தினம் ஒரு தடவை ஏற்றினால் வருடத்துக்கு 300 தடவை. முழுச் சத்தம் வைத்தால் தினம் இரண்டு தடவை. ஆக, இரண்டு வருடத்துக்குள் இன்னொரு பெட்டி வாங்க நேரலாம். இரண்டு பெட்டிக்கு 2200 ரூபாய். மணிக்கு 46 காசு.

மூன்றாவது, மூடி உள்ள பெட்டி. இரண்டு பாட்டரியோடு 1300 ரூபாய். இரண்டு வருடத்துக்குள் இரண்டு பாட்டரியையும் ஒரு தடவை மாற்றினாலும் இன்னும் 300 ரூபாய்தான். மொத்தம் 1600 ரூபாய். மணிக்கு 33 காசு.

சார்ஜ் ஏற்றும் மின்சாரச் செலவை விட்டுவிட்டோமே என்று யாராவது கேட்பார்கள். இந்தச் சின்னப் பாட்டரியை ஒரு தடவை முழுதாக ஏற்ற ஏறக்குறைய 5 வாட் மணி ஆகும். ஒரு யூனிட் என்பது 1000 வாட் மணி. ஆகவே ஒரு யூனிட்டில் 200 தடவை ஏற்றலாம். இரண்டு வருடத்துக்கு நான்கு யூனிட் போதும். அதற்காகக் கவலைப்பட வேண்டாம்.

உங்கள் வீட்டில் ஏற்கெனவே பென்சில் செல் ரேடியோ இருக்கிறதா? அதைத் தூக்கிப் போடாதீர்கள். மறுபடி மறுபடி சார்ஜ் ஏற்றக்கூடிய பென்சில் செல்லும் அதற்கான சார்ஜரும் கடையில் கிடைக்கும். ஒரு செல்லில் 2000 மில்லி ஆம்பியர் மணி இருந்தால் அதே ரேடியோ 50 மணி நேரம் பாடும். முதலில் பணம் கூடுதலாகப் போகும். நான்கைந்து மாதத்தில் அது திரும்பி வந்துவிடும். ஒரு எச்சரிக்கை: சாதாரணச் செல்லைச் சார்ஜரில் போடக் கூடாது. அது கசியும், வெடிக்கவும் கூடும்.

பூட்டிய பாட்டரி

பாட்டரியைப் பெட்டிக்குள் பூட்டி வைப்பது ஏழைகளுக்கு மட்டும் வந்த தொல்லை அல்ல. 2001-ஆம் ஆண்டு அக்டோபரில் அமெரிக்காவில் ஆப்பிள் கம்பெனி ‘ஐபாட்’ என்ற பாட்டுப் பெட்டியை அறிமுகப்படுத்தியது. சட்டைப் பைக்குள் ஆயிரம் பாட்டு. பத்து மணி நேரம் பாடும் என்றார்கள். ஆனால் அதன் பாட்டரியை வாங்கியவர் மாற்ற முடியாது. பாட்டரி தளர்ந்ததும் மக்கள் புகார் சொன்னார்கள். 2003-இல் கம்பெனி 99 டாலர் வாங்கிக்கொண்டு பாட்டரி மாற்றித் தரத் தொடங்கியது. சிலர் வழக்குப் போட்டார்கள். 2005-இல் சமரசம் ஏற்பட்டது. பழைய பெட்டி வாங்கியவர்களில் தகுதி உள்ளவர்களுக்கு 50 டாலர் மதிப்புள்ள சீட்டு முதலியவை கிடைத்தன.

ஐரோப்பிய நாடுகள் 2023-இல் ஒரு சட்டம் செய்தன. 2027 பிப்ரவரி 18 முதல் அங்கே விற்கும் கையடக்கச் சாதனங்களில் பாட்டரியை வாங்கியவரே கழற்றி மாற்றும்படி இருக்க வேண்டும் என்று அந்தச் சட்டம் சொல்கிறது. சில விலக்குகள் உண்டு. நம் பெரியம்மா மூடியைத் திறந்து பார்த்தாரே, அதே கேள்விதான் அங்கே சட்டமாகி இருக்கிறது.

2017-இல் சரிகம கம்பெனி ‘கார்வான்’ என்ற பெட்டியைக் கொண்டுவந்தது. அதில் 5000 பழைய பாட்டு உள்ளேயே இருக்கும். தமிழ்ப் பாட்டுள்ள பெட்டியும் வந்தது. வயதானவர்களுக்கு இந்த மாதிரிப் பெட்டி வசதி. குமிழைத் திருகினால் போதும். இதை வாங்கும்போதும் அதே கேள்விகளைக் கேளுங்கள். எத்தனை மணி பாடும்? பாட்டரி தளர்ந்தால் யார் மாற்றித் தருவார்கள்? எவ்வளவு வாங்குவார்கள்?

எண்ணைப் பார்த்து ஏமாறாதீர்கள்

சந்தையில் சில பாட்டரிகளில் 9900 என்றும் அதற்கு மேலும் அச்சடித்திருக்கும். விரலைவிடச் சற்றுத் தடித்த உருண்டைப் பாட்டரி அது. அதன் பெயர் 18650. அதாவது 18 மில்லி மீட்டர் தடிமன், 65 மில்லி மீட்டர் நீளம். பெயர் பெற்ற கம்பெனிகள் செய்யும் நல்ல பாட்டரியிலேயே இந்த அளவுக்குள் சுமார் 3500 மில்லி ஆம்பியர் மணிதான் அடங்குகிறது. சொம்பில் குடத்துத் தண்ணீரை ஊற்ற முடியுமா? 9900 என்று எழுதியிருந்தால் அந்த எண் பொய். எண்ணில் பொய் சொல்பவர் மற்றதில் உண்மை சொல்வார் என்று எப்படி நம்புவது?

பட்டன் போனில் வந்த தட்டை பாட்டரிக்கு பி.எல்-5சி என்று பெயர். அதில் சுமார் 1000 இருக்கும். அந்த அளவில் 2500 என்று எழுதியிருந்தால் அதுவும் பொய்.

லித்தியம் பாட்டரி வாங்கும்போது இந்தியத் தர நிர்ணய அமைப்பின் குறியைப் பாருங்கள். ஐ.எஸ். 16046 என்ற எண்ணும், ஆர் என்ற ஆங்கில எழுத்தோடு தொடங்கும் பதிவு எண்ணும் இருக்க வேண்டும்.

பில் கேளுங்கள். பில் வேண்டாம் என்றால் பத்து ரூபாய் குறைப்பேன் என்பார்கள். குறைக்க வேண்டாம். பில்லில் பெட்டியின் பெயர், தேதி, விலை மூன்றும் இருக்கின்றனவா என்று படியுங்கள். உத்தரவாத அட்டையில் கடை முத்திரை வாங்குங்கள். பாட்டரிக்கும் உத்தரவாதம் உண்டா, பெட்டிக்கு மட்டும்தானா என்று பாருங்கள். பலதில் பெட்டிக்கு ஒரு வருடம், பாட்டரிக்கு அதைவிடக் குறைவு.

பெட்டி கெட்டுப்போய்க் கடைக்காரர் கைவிரித்தால் 1915 என்ற எண்ணுக்குப் போன் செய்யலாம். அது தேசிய நுகர்வோர் உதவி எண். அதிலும் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் இரண்டு வருடத்துக்குள் மனு கொடுக்கலாம். 5 லட்சம் ரூபாய் வரை உள்ள பொருளுக்கு மனுக் கட்டணம் இல்லை. 1150 ரூபாய்ப் பெட்டிக்கும் இந்த உரிமை உண்டு. ஆனால் பில் வேண்டும்.

வீட்டுக்கு வந்த பிறகு

முதல் நாளே பெட்டியைச் சோதித்துப் பாருங்கள். இரவு முழுதாகச் சார்ஜ் ஏற்றுங்கள். 1000 மில்லி ஆம்பியர் மணிப் பாட்டரிக்கு இரண்டரை முதல் மூன்று மணி நேரம் பிடிக்கும். காலையில் வேலை தொடங்கும்போது பாட்டை வையுங்கள். நேரத்தை ஒரு காகிதத்தில் எழுதுங்கள். நீங்கள் வழக்கமாகக் கேட்கும் சத்தத்திலேயே கேளுங்கள். பெட்டி அடங்கியதும் நேரத்தை எழுதுங்கள். அட்டையில் 6 மணி என்று இருக்கிறது. உங்களுக்கு 5 மணி 15 நிமிடம் வந்தால் வருத்தப்பட வேண்டாம். 3 மணிதான் வந்தால் பில்லோடு கடைக்குப் போங்கள். அந்தக் காகிதத்தையும் கொண்டு போங்கள்.

ஊதுபத்தி வேலையில் கரித்தூள் எங்கும் பறக்கும். பெட்டியின் சார்ஜ் துளையில் அது அடைந்துகொள்ளும். பிறகு சார்ஜர் சரியாகப் பொருந்தாது. துளையை ஒரு சிறு துணியால் மூடி வையுங்கள். சார்ஜ் ஏற்றும்போது மாவுப் பலகைக்கு அருகிலோ, குச்சிக் கட்டின் மேலோ, மெத்தையிலோ வைக்க வேண்டாம். தரையில் அல்லது கல் மேடையில் வையுங்கள்.

லித்தியம் பாட்டரி சூட்டுக்குப் பயப்படும். 2007-ஆம் ஆண்டு ஆகஸ்டில் நோக்கியா கம்பெனி பி.எல்-5சி பாட்டரிகளைப் பற்றி ஓர் எச்சரிக்கை விட்டது. ஜப்பானின் மட்சுஷிடா கம்பெனி செய்த 4 கோடியே 60 லட்சம் பாட்டரிகள் சார்ஜ் ஏறும்போது அளவுக்கு மீறிச் சூடாகலாம் என்றும், அவற்றை இலவசமாக மாற்றித் தருவதாகவும் அறிவித்தது. பெரிய கம்பெனிப் பாட்டரிக்கே இந்த நிலை வந்தது. பெயர் இல்லாத பாட்டரியில் எவ்வளவு கவனம் வேண்டும் என்று நினைத்துப் பாருங்கள்.

பாட்டரி உப்பினால் உடனே நிறுத்துங்கள். குத்தக் கூடாது. அமுக்கக் கூடாது. நெருப்பில் போடக் கூடாது. செத்த பாட்டரியைக் குப்பையோடு சேர்க்கவும் கூடாது. குப்பை வண்டிக்குள் அது நசுங்கினால் தீப்பிடிக்கும். அதைத் தரம் பிரிப்பவரும் நம்மைப் போலக் கூலி வேலை செய்பவர்தான். பாட்டரியைத் தனியாக ஒரு டப்பாவில் போட்டு வையுங்கள். மின்கழிவு வாங்கும் இடத்திலோ விற்ற கடையிலோ கொடுங்கள். விற்ற பாட்டரியைத் திரும்பச் சேகரிக்கும் பொறுப்பு உற்பத்தியாளருக்கு உண்டு என்று 2022-ஆம் ஆண்டின் பாட்டரிக் கழிவு விதிகள் சொல்கின்றன.

கணக்குப் போட்டுப் பாருங்கள்

1. ஒரு பெட்டியின் பாட்டரி 1500 மில்லி ஆம்பியர் மணி. பெட்டி 250 மில்லி ஆம்பியர் இழுக்கிறது. எத்தனை மணி நேரம் பாடும்?

2. ஒரு பாட்டரி 1000 மில்லி ஆம்பியர் மணி. காலை 9 மணிக்குத் தொடங்கிய பாட்டு மதியம் 2 மணிக்கு நின்றது. பெட்டி எவ்வளவு மின்சாரம் இழுத்தது?

3. பென்சில் செல் ஒரு ஜோடி 36 ரூபாய். 18 மணி நேரம் வருகிறது. ஒரு மணிக்கு என்ன செலவு? மாதம் 200 மணிக்கு என்ன செலவு?

4. தெருவோரக் கடையில் ஒரு 18650 பாட்டரி. மேலே 6800 என்று அச்சடித்திருக்கிறது. நீங்கள் கடைக்காரரிடம் என்ன கேட்பீர்கள்? இரண்டு வரியில் எழுதுங்கள்.

5. உங்கள் வீட்டில் பாட்டரியில் ஓடும் பொருள்கள் எவை? ஒவ்வொன்றின் மேலும் உள்ள எண்ணைப் படித்து எழுதுங்கள். எதன் பாட்டரியை நீங்களே மாற்ற முடியும் என்றும் எழுதுங்கள்.